கொடாததைக் கொள்ளாமை: நேரலை விளையாட்டும் இல்லறத்தார் நோன்பும்

(பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பகவான் மகாவீரரின் பிறந்தநாள் சித்திரைத் திங்களின் வளர்பிறைத் திரயோதசியில் வருவது. ஆங்கிலக் கணக்கில் அது மார்ச்சு இறுதியிலோ ஏப்ரலிலோ அமையும். கடந்த பல ஆண்டுகளாக அதே நாள்களில்தான் இந்தியன் பிரீமியர் லீக் கிரிக்கெட் போட்டிகளும் நடைபெற்று வருகின்றன. காலையில் ஜினாலயத்தில் அபிடேகம் கண்ட இல்லத்தாரே மாலையில் தொலைக்காட்சியின் முன்போ கைபேசியின் முன்போ கூடி அமர்கின்றனர். இதில் குற்றம் ஏதும் இல்லை. வீட்டார் ஒன்றுகூடி மகிழ்வது இல்லறத்தின் நலன்களுள் ஒன்று. ஆயினும் காலையில் கேட்ட விரதங்களுள் ஒன்று மாலையில், யாரும் அறியாமலே, அந்தக் கைபேசித் திரையில் நழுவிப் போகக்கூடும். அவ்விரதம் கள்ளாமை. உரிய கட்டணம் செலுத்தி நேரலையைக் காண்பதா, உரிமை இல்லாதோர் மறு ஒளிபரப்புச் செய்யும் இணைப்பில் காண்பதா என்னும் சிறிய வினாவே இவ்வுரையின் பொருள்.

ஓர் இல்லத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவ்வில்லத்தின் பெரியவர் நாற்பது ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்துபவர். தராசுக்கும் எடைக்கற்களுக்கும் உரிய காலத்தில் அரசு முத்திரை பெறத் தவறாதவர். வழியில் கிடந்த மூட்டை என்று யாரேனும் மலிவு விலைக்குச் சரக்குக் கொணர்ந்தால், விலை கேளாமலே திருப்பி அனுப்புபவர். அவருடைய மகன் படித்தவர், நல்லவர். ஒரு நாள் மாலை அவர் தமது கைபேசியில் ஒரு செயலியைத் திறந்து, அதனைத் தொலைக்காட்சியோடு இணைத்தார். பணம் கட்டிப் பார்க்க வேண்டிய ஆட்டம் இலவசமாக ஓடியது. உறவினர் குழுவுக்கும் அதே இணைப்பை அனுப்பினார். பள்ளி அணியில் பந்து வீசும் அவருடைய பன்னிரண்டு வயது மகள் திரையைப் பார்த்துக்கொண்டே, "தாத்தா, இதுவும் வழியில் கிடந்த மூட்டைதானே?" என்று கேட்டாள். பெரியவர் விடை சொல்லவில்லை. ஆட்டத்தையும் அன்று அவர் முழுதாகப் பார்க்கவில்லை.

குழந்தை கேட்ட வினாவுக்கு நேர்மையான விடை காண வேண்டுமானால், திரையில் தோன்றும் காட்சி யாருடைய பொருள் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

விளையாட்டு ஒளிபரப்புக்கு உடைமையாளர் உண்டு என்னும் எண்ணம் இந்நாட்டில் நெடுங்காலப் பழமை உடையதன்று. 1993-இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் நடத்திய ஹீரோ கோப்பைப் போட்டியின் ஒளிபரப்பு குறித்து அச்சங்கத்துக்கும் அரசுத் தரப்புக்கும் வழக்கு மூண்டது. 1995-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, வான் அலைகள் பொதுமக்களின் உடைமை, அவை அரசின் தனியுரிமையும் அல்ல, தனியாரின் தனியுரிமையும் அல்ல என்று உரைத்தது. போட்டி நடத்துவோர் தம் போட்டியை ஒளிபரப்பும் உரிமையைத் தாம் விரும்பியவர்க்கு விற்கும் வழி அதன் பின்னரே அகலமாகத் திறந்தது.

அவ்வுரிமையின் இன்றைய விலை வியப்பளிப்பது. 2018 முதல் 2022 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு இந்தியன் பிரீமியர் லீக்கின் ஒளிபரப்பு உரிமையை ஸ்டார் இந்தியா நிறுவனம் 16,347.50 கோடி ரூபாய்க்குப் பெற்றது. 2023 முதல் 2027 வரையிலான உரிமை 2022 ஜூன் மாத ஏலத்தில் 48,390 கோடி ரூபாயை எட்டியது. அதில் இந்தியாவுக்கான தொலைக்காட்சி உரிமை 23,575 கோடிக்கும், இணையவழி உரிமை 20,500 கோடிக்கும் தனித்தனியே விலைபோயின. ஐந்து ஆண்டுகளில் 410 ஆட்டங்கள் என்னும் கணக்கில், ஓர் ஆட்டத்தை இணையத்தில் காட்டுவதற்கு மட்டும் 50 கோடி ரூபாய்.

இத்தொகையைக் கேட்டவுடன், இவ்வளவு பெரிய செல்வத்தில் ஓர் இல்லத்தின் சிறு கட்டணம் எம்மாத்திரம் என்று தோன்றலாம். அவ்வாதம் பின்னர் ஆராயப்படும். அதற்கு முன், அத்தொகை எங்குப் போகிறது என்பதையும் காண வேண்டும். ஒளிபரப்பு வருவாயே இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் முதன்மை வருவாய். அதில் ஒரு பங்கு அணிகளுக்கும், ஒரு பங்கு மாநிலச் சங்கங்களுக்கும், ஒரு பங்கு ஆட்டக்காரர்களுக்கும் செல்கிறது. உள்நாட்டு ஆட்டங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றில் ஆடிய மூத்த ஆடவர்க்கு நாளொன்றுக்கு 60,000 ரூபாய் என 2021-இல் ஊதியம் உயர்த்தப்பட்டது. இந்திய அணிக்காக ஆடும் மகளிர்க்கு ஆடவரோடு ஒத்த ஆட்டக் கட்டணம், அதாவது டெஸ்ட் ஆட்டத்துக்கு 15 இலட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 இலட்சம், இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 இலட்சம் என 2022-இல் அறிவிக்கப்பட்டது. 2023 ஜனவரியில், மகளிர் பிரீமியர் லீக்கில் ஒரு பந்துகூட வீசப்படுவதற்கு முன்பே, அதன் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 951 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. மக்கள் காண்பர், கண்டதற்கு உரியதைத் தருவர் என்னும் நம்பிக்கையின் மேல் வைக்கப்பட்ட விலை அது. பள்ளி அணியில் பந்து வீசும் அச்சிறுமியின் நாளைய வாழ்வும் அந்நம்பிக்கையோடு தொடர்புடையது.

காட்சி உருவாவதும் எளிய செயலன்று. மைதானத்தைச் சுற்றிலும் பல பத்து ஒளிப்படக் கருவிகள், அவற்றை இயக்குவோர், ஒலி அமைப்போர், நொடிக்கு நொடி எக்காட்சியைக் காட்டுவது என முடிவு செய்யும் இயக்குநர், பல மொழிகளில் வருணனை செய்வோர் என ஒரு பெருங்கூட்டத்தின் உழைப்பு அதன் பின்னே நிற்கிறது. 2023-இல் இணைய நேரலை பன்னிரண்டு மொழிகளில் வழங்கப்பட்டது. தமிழில் வருணனை கேட்டு மகிழும் பாட்டியின் காதுக்கு அந்தச் சொற்கள் வந்து சேர்வதற்கு, மும்பையிலோ வேறோர் இடத்திலோ ஒரு கூடத்தில் ஒருவர் அமர்ந்து பேச வேண்டியிருக்கிறது.

இனி, திருட்டு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் காணலாம். எங்கோ ஒருவர் முறையாகவே கட்டணம் செலுத்தி ஒரு கணக்கைத் தொடங்குகிறார். திரையில் வரும் காட்சியை வேறொரு கருவியின் வழியே பிடித்து, தம் கணினிக்கு ஏற்றி, அங்கிருந்து ஆயிரக்கணக்கானோர்க்குப் பாய்ச்சுகிறார். டெலிகிராம் குழுக்களிலும், செயலி அங்காடிகளில் இடம்பெறாத செயலிகளிலும் அவ்விணைப்பு பரவுகிறது. ஒரு முகவரி முடக்கப்பட்டால் ஓரெழுத்து மாறிய இன்னொரு முகவரி முளைக்கிறது. நேரலையின் இயல்பு இத்திருட்டுக்குத் துணை செய்கிறது. திரைப்படம் ஒரு மாதம் கழித்தும் விலைபோகும். ஆட்டத்தின் விலையோ கடைசிப் பந்தோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். பகலில் பறித்த மல்லிகை மறுநாள் விலைபோகாதது போன்றது அது. முறையீடு சென்று முடக்கம் வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டால், உரியவர்க்கு வென்ற வழக்கும் வீணே.

இலவசமாகக் காட்டும் அம்மனிதர் தருமம் செய்பவர் அல்லர். அவர் வருவாய் வேறு வழியில் வருகிறது. காட்சியின் ஓரத்திலும் நடுவிலும் தோன்றும் பந்தய விளம்பரங்கள் அவற்றுள் முதன்மையானவை. எந்த ஓவரில் எத்தனை ஓட்டம் என்று பணம் கட்டச் சொல்லும் அவ்விளம்பரங்கள், அருகில் அமர்ந்திருக்கும் சிறுவர் கண்ணிலும் படுகின்றன. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே சப்த வியசனங்களுள் சூதையும் களவையும் ஒருசேர வைத்து விலக்கியது சிராவக மரபு. ஒரு திருட்டு இணைப்பைத் திறந்த வீட்டில் அவ்விரண்டும் ஒரே வாயில் வழியாக நுழைகின்றன. மற்றொரு கேடும் உண்டு. அங்காடிக்கு வெளியே இருந்து இறக்கப்படும் செயலிகளுள் சில, குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி கேட்கின்றன. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் குறுஞ்செய்தியாகவே வருகிறது என்பதை மறத்தல் ஆகாது.

சட்டம் இதனை எவ்வாறு நோக்குகிறது? 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு ஒளிபரப்பு நிறுவனத்துக்குத் தனி உரிமை ஒன்றை வழங்குகிறது. அவ்வுரிமை 25 ஆண்டுகள் நிலைப்பது. அனுமதியின்றி மறு ஒளிபரப்புச் செய்வதும், கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்குக் காட்டுவதும் அதனை மீறுவன. அறிந்தே மீறுவோர்க்கும் அதற்கு உடந்தையாவோர்க்கும் 63-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம்.

இத்திருட்டின் பழைய வடிவம் கம்பிவழித் தொலைக்காட்சியில் இருந்தது. 2002-இல் ஜப்பானிலும் தென்கொரியாவிலும் உலகக் கால்பந்துக் கோப்பை நடந்தபோது, உரிமம் பெறாமலே ஒளிபரப்பிய கம்பிவழி நடத்துநர் பலர். அவர்கள் அனைவரின் பெயரையும் முன்கூட்டி அறிய இயலாத நிலையில், பெயர் அறியாதோர் மீதும் செல்லுபடியாகும் ஆணையைத் தில்லி உயர் நீதிமன்றம் வழங்கியது. இந்தியாவில் அத்தகைய ஆணைக்கு அதுவே முன்னோடி. முகவரி மாற்றி மாற்றி முளைக்கும் இணையதளங்களை ஒவ்வொன்றுக்கும் புதுவழக்குத் தொடராமலே முடக்க வழிசெய்யும் ஆணையை அதே நீதிமன்றம் 2019-இல் பிறப்பித்தது. கடல் கடந்தும் இதே நிலை. 2023-இல் இங்கிலாந்தின் டெர்பி நகர நீதிமன்றம், 50,000-க்கும் மேற்பட்டோர்க்குக் கால்பந்து ஆட்டங்களைத் திருட்டுத்தனமாக விற்ற ஐவர்க்கு மொத்தம் 30 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத்தண்டனை விதித்தது.

எனினும் சட்டத்தின் கை முதன்மையாக நீள்வது பரப்புவோர் மீதும் விற்போர் மீதுமே. தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்த்த ஒருவரைத் தேடிக் காவலர் வருவது அரிது. அச்சம் இல்லாத அவ்விடத்தில்தான் விரதத்துக்கு வேலை இருக்கிறது. பிடிபடுவோம் என்பதற்காகத் திருடாதிருப்பதை விரதம் என்று யாரும் சொல்வதில்லை.

சிராவகர் ஒழுக்கம் கூறும் நூல்களுள் சமந்தபத்திரரின் இரத்தின கரண்டகம் தலையாயது. அதன் வழியில் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு இரத்தின கரண்டகம் தரும் விளக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. பிறர் வைத்தது, விழுந்தது, மறந்தது, அவர் கொடாதது ஆகிய பொருளைத் தான் எடுத்துக்கொள்ளாமை அதன் ஒரு பாதி. அதனைப் பிறர்க்கு எடுத்துக் கொடாமை மற்றொரு பாதி. முதற்பாதியை எல்லாரும் நினைவில் வைத்திருப்பர். இரண்டாம் பாதி எளிதில் மறந்துபோவது. உறவினர் குழுவுக்கு ஓர் இணைப்பை அனுப்பும் விரல், அந்த இரண்டாம் பாதியைத்தான் மீறுகிறது. அன்பினால் அனுப்பியது என்பதனால் அது கொடை ஆகிவிடாது. தன் பொருளைக் கொடுப்பதே கொடை.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இவ்விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறும். திருடனை ஏவுதல், திருடி வந்ததை ஏற்றல், அரசின் நெறிக்கு மாறாக நடத்தல், அளவையிலும் நிறுவையிலும் குறைத்தும் கூட்டியும் பழகுதல், போலியை உண்மைப்பொருள்போல் விற்றல் என்பன அவை. கம்பியும் திரையும் இல்லாக் காலத்தில் வணிகரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட இப்பட்டியல், இன்றைய நேரலைக்கும் அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்துகிறது. திருட்டுத் தளத்துக்குப் பார்வையாளராகச் சென்று அதன் விளம்பர வருவாயைப் பெருக்குவது, திருடனை ஏவுதலுக்கு நெருங்கிய செயல். அங்குக் காண்பது, திருடி வந்ததை ஏற்றல். காப்புரிமைச் சட்டத்துக்கு முரணாக நிற்பது மூன்றாவது. பந்தய விளம்பரத்தைக் காட்சியின்மேல் ஒட்டித் தன்னுடையதுபோல் வழங்குவது ஐந்தாவது. நான்காவது அதிசாரம் யாரைச் சாரும் என்பது சற்றுப் பின்னர் வரும்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவகைப்படும் என்பதும் மரபு. இணைப்பை உருவாக்குபவர் செய்பவர். அதனை நாடிச் செல்பவர் செய்விப்பவர். கண்டும் வாளாவிருக்கும் பெரியவர் உடன்படுபவர். மளிகைக் கடைப் பெரியவர் அன்று இரவு உறங்காமல் புரண்டதற்குக் காரணம் இம்மூன்றாவதே.

எதிர்வாதங்கள் பல உண்டு. அவை அனைத்தும் அற்பமானவை அல்ல. ஒவ்வொன்றையும் மதித்தே நோக்க வேண்டும்.

முதல் வாதம்: ஒரு காட்சியைப் பார்ப்பதால் யாருடைய பெட்டியிலும் ஒரு காசு குறைவதில்லை, அரிசி மூட்டையைத் தூக்கினால்தான் கடைக்காரர்க்கு மூட்டை போகும் என்பது. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. காட்சி பிரதி எடுக்கப்பட்ட பின்னும் மூலம் அவ்வண்ணமே இருக்கும். ஆனால் கள்ளாமை விரதத்தின் அளவுகோல் பிறர்க்கு எவ்வளவு குறைந்தது என்பதன்று. கொடுக்கப்பட்டதா, கொடுக்கப்படாததா என்பதே அளவுகோல். நாவிதர் முடி வெட்டிய பின் அவருடைய கத்தரி தேய்ந்தா போயிற்று? ஆயினும் கூலி கொடாமல் எழுந்து போவோரை உலகம் என்ன பெயரிட்டு அழைக்கும் என்பது தெரிந்ததே.

இரண்டாம் வாதம்: உரிமையாளர்கள் பெருஞ்செல்வர், அவர்களுக்கு இது ஒரு பொருட்டா என்பது. விரதநூல்கள் ஏழையின் பொருளை எடுக்காதே, செல்வரின் பொருளை எடுத்துக்கொள் என்று பிரித்துக் கூறவில்லை. மேலும், வருவாய் குறையும்போது முதலில் வெட்டுக்கு உள்ளாவது செல்வரின் பங்காக இருப்பதில்லை. பார்வையாளர் குறைந்த சிறு போட்டிகளும், இளையோர் ஆட்டங்களும், மகளிர் ஆட்டங்களுமே ஒளிபரப்புக்குத் தகுதியற்றவை என முதலில் ஒதுக்கப்படும்.

மூன்றாம் வாதம்: முன்பு இலவசமாகக் காட்டினார்கள், இப்போது ஏன் பணம் கேட்க வேண்டும் என்பது. 2023-இல் ஜியோசினிமா ஆட்டங்களைக் கட்டணமின்றிக் காட்டியது உண்மை. இரு நிறுவனங்களின் இணைப்புக்குப் பின் 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது, குறிப்பிட்ட அளவுக்கு மேல் காண்பதற்குக் கட்டணம் வந்தது. அப்போது கைபேசிக்கு மட்டுமான மூன்று மாதத் திட்டத்தின் விலை 149 ரூபாய். ஒரு கடை திறப்பு விழாவில் இலவசமாக மோர் வழங்கினார் என்பதற்காக, மறுநாளும் குடத்தைத் தூக்கிச் செல்ல உரிமை பிறக்காது. கொடுத்தவரே கொடுப்பதை நிறுத்தினால், அது அவர் கொடாத பொருள் ஆகிவிடுகிறது.

நான்காம் வாதமே வலிமை மிக்கது: ஒரு விளையாட்டுக்கு ஒரு செயலி, மற்றொன்றுக்கு மற்றொரு செயலி, எல்லாம் ஒருவர் கையில் குவிகிறது, விலையை அவர் விருப்பப்படி உயர்த்துவார் என்பது. இக்கவலை நியாயமானது. அவ்விரு நிறுவனங்களின் இணைப்புக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2024 ஆகஸ்டில் நிபந்தனைகளோடுதான் ஒப்புதல் அளித்தது என்பதே அக்கவலை அரசுக்கும் இருந்ததைக் காட்டும். ஆனால் அநியாய விலைக்கு மறுமொழி வாங்காமை, முறையிடல், கேட்டுப் பெறுதல் ஆகியவை. பருப்பு விலை ஏறினால் சிராவகர் பருப்பு வாங்குவதைக் குறைப்பார். இரவில் கிடங்கின் பூட்டை உடைக்க மாட்டார். பருப்பாவது பசிக்கு உணவு. ஆட்டமோ அதனினும் எளிதில் விடத்தக்கது. காணாதிருத்தல் என்னும் வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. பரிக்கிரகத்துக்கு எல்லை வகுத்துப் பழகியோர்க்கு அவ்வழி புதிதன்று.

கட்டணம் செலுத்த இயலாதோர்க்கு அறவழியில் ஒன்றும் கிடையாது என்று எண்ணிவிடலாகாது. 2007-ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புச் சமிக்ஞைகள் சட்டம், நாட்டளவில் முக்கியத்துவம் வாய்ந்தவை என ஒன்றிய அரசு அறிவிக்கும் போட்டிகளின் சமிக்ஞையைப் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ளுமாறு உரிமையாளரைக் கட்டாயப்படுத்துகிறது. அவற்றைத் தூர்தர்ஷன் வழியாகவும் டிடி ஃப்ரீ டிஷ் வழியாகவும் மாதக் கட்டணம் இன்றியே காணலாம். அதிலும் விளம்பர வருவாயில் நூற்றுக்கு 75 பங்கு உரிமையாளர்க்கும் 25 பங்கு பிரசார் பாரதிக்கும் எனச் சட்டமே வகுத்திருக்கிறது. இலவசமாகக் காண்பதும் உரியவர்க்கு உரியது சேர்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இச்சட்டம் சான்று.

ஓட்ட எண்ணிக்கையை அறிவதிலும் பகிர்வதிலும் குற்றம் இல்லை. ஆட்டத்தின் நிலவரம் என்பது செய்தி, அதற்கு யாரும் உடைமை கொண்டாட இயலாது என்னும் கருத்தில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு 2013-இல் தீர்ப்பளித்தது. உரிமையாளர் தாமே வெளியிடும் சுருக்கக் காட்சிகள் உள்ளன. அவை கொடுக்கப்பட்டவை. உற்றார் உறவினர் ஒரு வீட்டில் கூடி, அவ்வீட்டார் கட்டணம் செலுத்திய திரையில் ஒருங்கே காண்பது பழைய வானொலிக் காலத்து இன்பத்தை மீட்டுத் தருவது. நுழைவுக்குக் காசு வாங்கிப் பலர்க்குக் காட்டுவதுதான் எல்லை மீறுவது. எது கொடுக்கப்பட்டது, எது கொடுக்கப்படவில்லை என்று பகுத்தறியும் பழக்கம் வந்துவிட்டால், விரதம் சுமையாகத் தோன்றாது.

இனி நான்காவது அதிசாரம். அளவையிலும் நிறுவையிலும் பிறழ்தல் வாங்குவோரைவிட விற்போரையே பெரிதும் சாரும். ஆண்டுக் கட்டணம் வாங்கிவிட்டு, இறுதி ஓவரில் காட்சி நின்று சுழலுமாறு விடுவது குறைந்த நிறுவை. சேர்வதற்கு ஒரு பொத்தானும் விலகுவதற்கு ஒன்பது பக்கங்களும் வைப்பது, பார்வையாளர் அறியாமலே கட்டணத்தைத் தானே புதுப்பித்துக்கொள்வது ஆகியவையும் அவ்வகையே. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் இணைய வணிகத்தின் 13 வஞ்சக உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. விலக முடியாமல் சிக்கவைக்கும் சந்தா முறை அவற்றுள் ஒன்று. குறை உடையோர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். கட்டணம் செலுத்தியவர்க்கே முறையிடும் தகுதி உண்டு. திருட்டு இணைப்பில் படம் நின்றுவிட்டால் யாரிடம் சென்று முறையிடுவது?

சிராவகர் பலர் வணிகர். இவ்வுண்மை வணிகர்க்கு எளிதில் விளங்கும். தம் கடைப் பொருளுக்கு விலை கேட்கும் உரிமையை நாடுவோர், பிறர் கடைப் பொருளுக்கு விலை தரும் கடமையையும் ஏற்றாக வேண்டும். மென்பொருள் செய்வோர், நூல் எழுதுவோர், இசை பாடுவோர், ஒளிப்படம் எடுப்போர் ஆகியோர் இச்சமூகத்து இளைஞருள்ளும் பலர். அவர்கள் உழைப்பெல்லாம் கையால் தொட முடியாத பொருளாகவே உலகுக்குச் செல்கிறது. தொட முடியாத பொருளையும் பொருளாக மதிக்கும் ஒழுக்கம் வீட்டில் நிலைபெறாவிட்டால், நாளை அவர்கள் உழைப்புக்கும் காவல் இராது.

மீண்டும் அம்மளிகைக் கடை இல்லத்துக்கு வருவோர்க்கு, கதையின் முடிவு எளியதே. மறுநாள் காலை பெரியவர் மகனைக் கடிந்துகொள்ளவில்லை. கணக்குப் புத்தகத்தை எடுத்து, வீட்டுச் செலவுப் பக்கத்தில், "விளையாட்டுக் காட்சிக் கட்டணம்" என்று ஒரு வரி எழுதி, தொகைக்கான இடத்தை வெற்றாக விட்டு மகன் முன் வைத்தார். மகன் தொகையை நிரப்பினார். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கினார். அதைவிடக் கடினமான செயல் ஒன்று எஞ்சியிருந்தது. உறவினர் குழுவில், முன்னாள் அனுப்பிய இணைப்பு உரிமை இல்லாதது, அதனைத் தாம் அனுப்பியது தவறு, யாரும் பயன்படுத்த வேண்டா என்று எழுதினார். சிலர் நகைத்தனர். சிலர் ஒன்றும் எழுதவில்லை. ஒருவர், அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்குத் தம் குடும்பத்தோடு அவ்வீட்டுக்கே வந்துவிடுவதாக எழுதினார். சிறுமி கணக்குப் புத்தகத்தின் அவ்வரியை எட்டிப் பார்த்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றாள். அவள் வினாவுக்கு வாயால் விடை சொல்ல வேண்டிய தேவை அதன்பின் எழவில்லை.

விழா நாளில் மேற்கொள்ளும் விரதங்கள் பெரும்பாலும் உணவைச் சார்ந்தவை. இவ்வாண்டு அவற்றோடு இச்சிறு விரதத்தையும் சேர்த்துக்கொள்வது தகும். ஒவ்வோர் இல்லத்திலும் இன்று மாலை ஒருமுறை கைபேசியைப் பார்வையிட்டு, கொடாததைக் கொணரும் செயலி இருப்பின் அதனை நீக்கிவிடுக. பிறர்க்கு அனுப்பிய இணைப்பு இருப்பின் அதனைத் திரும்பப் பெறுக. காணத்தக்கதைக் கட்டணம் செலுத்திக் காண்க. இயலாதபோது கொடுக்கப்பட்ட வழியில் காண்க. அதுவும் இல்லாதபோது காணாதிருக்க. ஆட்டத்தில் எவ்வணி வெல்லினும் வெல்லுக, இல்லத்தில் அறம் தோலாதிருக்க வேண்டும்.

ஜினதருமம் தழைக்க. அனைவர்க்கும் நல்லறம் கைகூடுக.